காது குத்தும் இடம்

திருவானைக்காவல் அகிலாண்டேசுவரியின் இரு காதுகளிலும் சாத்தியிருப்பவை தாடங்கங்கள். ஸ்ரீசக்கர வடிவில் அமைந்த பெரிய காதணிகள் இவை. உக்கிரமாக இருந்த அம்பாளின் ஆற்றலை ஆதிசங்கரர் இரண்டு தாடங்கங்களில் அடக்கிச் சாத்தினார், அதன் பிறகே அவள் சாந்தமானாள் என்பது தல வரலாறு. தாடங்கம் பழுதுபட்டால் அதைச் செப்பனிட்டு மறுபடி சாத்துவது தனிச் சடங்கு. அந்த உரிமை யாருக்கு என்பதில் 1840களில் கும்பகோணம் மடத்துக்கும் சிருங்கேரி மடத்துக்கும் இடையே திருச்சி நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. 1923ல் கும்பகோணம் மடத்தின், அதாவது இன்றைய காஞ்சி மடத்தின், சந்திரசேகரேந்திர சரசுவதி தாடங்கப் பிரதிஷ்டை செய்தார். ஒரு காதணியை வைத்து இரண்டு மடங்கள் வழக்காடிய ஊரில், காது குத்துவது சாதாரணச் சடங்காக இருந்திருக்க முடியாது.

காவிரிக் கரை நாட்டில் காதணியின் வரலாறு நீண்டது. திருஞானசம்பந்தர் பாடிய முதல் பதிகம் சிவனின் காதுத் தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகளில் ஒரு காதில் ஆணுக்குரிய குண்டலமும் மறு காதில் பெண்ணுக்குரிய தோடும் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இறைவிக்குக் கொடுத்த நகைகளைப் பட்டியலிடும்போது வாளி, தோடு, திருக்கம்பி, திருமகரம் என்று காதணிகளைத் தனித்தனியே எண்ணி எடை போட்டுப் பதிந்து வைத்திருக்கின்றன. மூக்கணியோ அந்தக் காலத்துச் சிற்பங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் காண்பதற்கு அரிது. நகைக்காக உடலில் துளையிடுவது என்று தமிழர்கள் முடிவெடுத்தபோது, பல நூற்றாண்டுகளுக்கு அவர்கள் கை போனது காதின் கீழ்மடலுக்குத்தான். எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் தோலும் கொழுப்பும் நாருமாக இருக்கும் அந்தச் சிறு சதை, குத்திய காயத்தை மிகச் சுலபமாக ஆற்றிக்கொள்ளும் இடங்களில் ஒன்று. சடங்கை வகுத்தவர்களுக்கு உடற்கூறு பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே குத்திச் சீழ் பிடித்த பிள்ளைகளைப் பார்த்திருந்தாலே போதும்.

சடங்கு ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சில வீடுகளில் ஆண்டு நிறைவோடு வீட்டிலேயே நடக்கும். பெரும்பாலான குடும்பங்களில் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கி, அன்றே காதும் குத்துவார்கள். தாய்மாமன் சீரோடு வர வேண்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். குத்துபவர் பொற்கொல்லரான பத்தர். இரு காதிலும் ஒரே உயரத்தில் குங்குமத்தாலோ மையாலோ புள்ளி வைப்பார். எதிரே நின்று ஒரு தடவை பார்த்து, கோணல் இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். இடது கையால் மடலைச் சற்று இழுத்துப் பிடித்து, முனை கூராக்கிய மெல்லிய தங்கக் கம்பியை ஒரே அழுத்தில் செலுத்தி, அந்தக் கம்பியையே வளைத்து வளையமாக்கி விட்டுவிடுவார். குழந்தை வீறிட்டு அழும் நேரத்தில் வாயில் சர்க்கரை, கையில் பொம்மை. தங்கத்துக்கு வழியில்லாத வீட்டில் எலுமிச்சை முள்ளால் குத்தி, துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியைச் செருகி வைத்தார்கள். பிறகு சில வாரங்களுக்குத் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தடவி, தினமும் கம்பியைத் திருகிவிடுவது பாட்டிமாரின் வேலை.

இதே காட்சி பழைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் அப்படியே இருக்கிறது. அதன் சூத்திரத்தானம் என்ற பகுதியின் 16ஆம் அத்தியாயம் காது குத்துவதையும் அறுந்த காதைச் சேர்ப்பதையும் பற்றியது. ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில், வளர்பிறையில், குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள் காட்டி மயக்கி, இடது கையால் காதை இழுத்துப் பிடித்துக் குத்த வேண்டும் என்கிறது அந்த நூல். எந்த இடத்தில் குத்துவது என்பதற்கு அது தரும் குறிப்பு அருமையானது: வெயிலில் காதைப் பிடித்துப் பார்த்தால் இயல்பாகவே மெலிந்து ஒளி ஊடுருவும் புள்ளி ஒன்று தெரியும், அங்கே குத்து. அந்தப் புள்ளியில் தடித்த இரத்தக் குழாய் எதுவும் இல்லை என்பதற்கு ஒளியே சாட்சி. இரத்தம் மிகுதியாக வந்தாலோ வலி கூடுதலாக இருந்தாலோ இடம் தப்பிவிட்டது என்று பொருள் என்றும் நூல் எச்சரிக்கிறது. குத்திய துளையில் பஞ்சுத் திரி வைத்து எண்ணெய் விட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இன்னும் தடித்த திரியாக மாற்றச் சொல்கிறது. ஆண் குழந்தைக்கு முதலில் வலக்காது, பெண்ணுக்கு இடக்காது என்பது வரை ஒழுங்கு வகுத்திருக்கிறது.

கம்பி இருக்கும் துளைக்குள் நடப்பது ஒரு விசித்திரமான ஆறுதல். சாதாரணக் காயத்தில் இரத்தம் உறைந்து, வெள்ளணுக்கள் வந்து அழுக்கைத் தின்று, புதிய இரத்த நாளங்களோடு சிவந்த சதை முளைத்து, இரு ஓரத்துத் தோலும் நகர்ந்து வந்து நடுவில் சேர்ந்துவிடும். காதில் குறுக்கே கம்பி நிற்பதால் தோல் நடுவில் சேர வழியில்லை. முன்பக்கத் தோலும் பின்பக்கத் தோலும் கம்பியைத் தழுவியபடியே உள்ளே இறங்கி, துளையின் நடுவே சந்தித்து ஒரு குழாயாக மூடிக்கொள்கின்றன. காயம் ஆறிவிட்டது, ஆனால் துளை அடைபடவில்லை. கீழ்மடலில் இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் கம்பியைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும். முழுதாகத் தோல் போர்த்திய பிறகு பல ஆண்டு வெறுங்காதாக இருந்தாலும் பெரும்பாலும் தூராது.

தூராத அந்தத் துளையைத்தான் தமிழகத்தின் பெண்கள் தோள் வரை இழுத்தார்கள். காது வடித்தல் என்ற இந்த வழக்கம் பாண்டி நாட்டில் ஆழமாக வேரூன்றியிருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் தண்டட்டியும் பாம்படமும் அணிந்த மூதாட்டிகளை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் சந்தைகளில் பார்க்க முடிந்தது. குழந்தைப் பருவத்தில் குத்திய துளையில் முதலில் பஞ்சு, பிறகு சுருட்டிய பனையோலை. ஓலைச் சுருள் தானாக விரிய முயல்வதால் இரவும் பகலும் துளையை மென்மையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். துளை அகன்றதும் ஈயத்தில் செய்த குணுக்கு மாட்டுவார்கள், எண்ணிக்கையை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். அவசரப்பட்டு எடையைக் கூட்டினால் மடல் கிழியும். பொறுமையாகச் செய்தால் மடல் நீளும்.

நீண்டது வெறும் இழுபட்ட தோல் அல்ல. தொடர்ந்து இழுவிசைக்கு ஆளான தோலில் செல்கள் பெருகி, புதிய தோல் உண்மையிலேயே வளர்கிறது. அறுவை மருத்துவம் இதை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். 1957ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நியூமன், விபத்தில் காதை இழந்த ஒருவருக்குத் தோலுக்கடியில் ரப்பர் பலூனை வைத்துச் சிறிது சிறிதாக ஊதி, கிடைத்த கூடுதல் தோலைக் கொண்டு காதைச் சீரமைத்தார். இன்று தீக்காயத்துக்கும் மார்பகச் சீரமைப்புக்கும் பயன்படும் தோல் விரிப்பு முறையின் முன்னோடி அதுதான். ஈயக் குணுக்கு மாட்டிய பெண்களுக்கு யாரும் காப்புரிமை கொடுக்கவில்லை.

எட்கர் தர்ஸ்டன் 1906ல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் காது வடித்தலுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே வழக்கம் தேயத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடமும் நகரமும் கிறித்தவ மிஷன்களும் கல் வைத்த சிறு கம்மலை நாகரிகமாக்கின. திருச்சியைச் சுற்றிய ஊர்களில் குடிசைத் தொழிலாகப் பரவிய செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் வேலை, நடுத்தர வீடுகளுக்கும் மின்னும் தோட்டைக் கொண்டுவந்தது. அந்தத் தோட்டுக்கு ஊசித் துளை போதும். தொங்கும் காதோடு இருந்தவர்கள் அதை அறுத்துத் தைத்துக்கொள்ள மருத்துவமனைகளுக்குப் போனார்கள். தொங்கிய மடலை வெறுமனே சேர்த்துக் கட்டினால் ஒட்டாது. தோல் போர்த்திய ஓரமும் தோல் போர்த்திய ஓரமும் எத்தனை ஆண்டு தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒன்றாகாது. இரண்டு ஓரங்களையும் சீவிப் புதிய காயமாக்கி, பச்சைச் சதையோடு பச்சைச் சதையை வைத்துத் தைத்தால்தான் கூடும். கனத்த ஜிமிக்கி இழுத்து அறுந்த காதை இன்று திருச்சி மருத்துவமனைகளில் தைப்பதும் இதே முறையில்தான். சுசுருதர் அறுந்த மடலைச் சேர்க்கப் பதினைந்து வகைகள் சொல்கிறார். அனைத்திலும் ஓரத்தைச் சுரண்டியோ வெட்டியோ புண்ணாக்குவதே முதல் படி. மடலே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையை வேரோடு திருப்பி ஒட்டவும் வழி தருகிறார்.

இப்படித் திருப்பி ஒட்டப்படும் தகுதி கன்னத்துக்கும் நெற்றிக்கும் இரத்த ஓட்டத்தால் வருகிறது. இதற்கான சான்றைத் தமிழ்நாட்டுப் போர் வரலாறு கொடூரமான முறையில் வைத்திருக்கிறது. 1650களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை மதுரை நாயக்கர் நாட்டுக்குள் புகுந்து, பிடிபட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்தது. வரலாற்றில் அது மூக்கறு போர். முகத்தில் இத்தனை பெரிய காயம் பட்டும் பிழைத்தவர்கள் பலர். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயருக்கு வண்டியோட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கு அறுபட்டது. புனேயில் நாட்டு வைத்தியர் ஒருவர் அவர் நெற்றித் தோலை மெழுகு அச்சின் அளவுக்கு வெட்டி, புருவ நடுவில் ஒரு காம்பை மட்டும் விட்டுத் திருப்பி மூக்காக்கினார். 1794ல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்த இந்தச் செய்தியே ஐரோப்பாவில் மூக்குச் சீரமைப்பை மறுபடி தொடங்கி வைத்தது. காம்பு வழியே ஓடிய இரத்தம் இல்லாவிட்டால் அந்தத் தோல் இரண்டு மூன்று நாளில் கறுத்து விழுந்திருக்கும்.

எந்த இடத்துக் காயம் விரைவில் ஆறும், எது ஆறாது என்பதைச் சுசுருத சம்ஹிதை நேராகவே பட்டியலிடுகிறது. சூத்திரத்தானத்தின் 23ஆம் அத்தியாயத்தில் எளிதில் ஆறும் இடங்களாக நெற்றி, கன்னம், உதடு, காது, வாயின் உட்புறம், முதுகு, பிட்டம் முதலியவை வருகின்றன. கண், பல், அக்குள், மார்பு, மூட்டு போன்றவை கடினமானவை. அதே இடத்தில், தொழுநோயாளி, நஞ்சுண்டவர், உடல் வற்றுபவர், மதுமேகம் உள்ளவர் ஆகியோரின் காயம் அரிதாகவே ஆறும் என்ற குறிப்பும் இருக்கிறது. இன்றைய அறுவை மருத்துவர் தையல் பிரிக்கும் நாளைக் குறிக்கும்போது ஏறக்குறைய இதே வரைபடத்தைத்தான் பின்பற்றுகிறார். முகத்துக்கு ஐந்து நாள், தலைக்கு ஏழு முதல் பத்து, உடம்புக்குப் பத்துக்கு மேல், காலுக்கும் மூட்டுக்கும் பதினான்கு வரை. அடிக்கடி மடங்கும் மூட்டில் ஒட்டிய ஓரங்கள் திரும்பத் திரும்ப விலகுவதால் ஆறுதல் தாமதப்படுகிறது. பழைய பட்டியலில் கண் இருப்பதற்கு மட்டும் ஒரு திருத்தம் தேவை. விழிவெண்படலத்தின் மேற்பரப்புக் கீறல் ஓரிரு நாளில் மூடிவிடும், அங்கே இரத்த நாளமே கிடையாது. கண்ணீரும், ஓரத்திலிருந்து ஓயாமல் நகர்ந்துவரும் செல்களும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆழமாகப் பட்டால்தான் வடு நின்று பார்வையைக் கெடுக்கும்.

காது குத்தும் அதே நாளில் நாவிதரின் கத்தி படும் தலைத்தோல் இன்னொரு விரைவுக்காரன். துள்ளும் குழந்தையின் மொட்டையில் ஒரு கீறல் விழாமல் இருப்பது அபூர்வம். சிறு வெட்டுக்கே இரத்தம் வழிந்து கூட்டம் பதறும். தலைத்தோலின் இரத்த நாளங்கள் இறுகிய நாரோடு பிணைந்திருப்பதால், வெட்டுப்பட்டால் சுருங்கி மூடிக்கொள்ள முடியாமல் வாய் திறந்தபடி நிற்கும். அதனால்தான் அந்தப் பெருக்கு. படிகாரத்தைத் தேய்த்துச் சந்தனம் பூசினால் நின்றுவிடும், சில நாளில் அடையாளமே இருக்காது. இதற்கு இரத்தத்தைத் தவிர மயிர்க்கால்களும் காரணம். ஒவ்வொரு மயிர்க்காலிலும் புதுத் தோலை உண்டாக்கக்கூடிய செல்கள் குடியிருக்கின்றன. மேல்தோல் உரிந்தாலும் ஆயிரக்கணக்கான மயிர்க்கால்களிலிருந்து தோல் மேலெழுந்து பரவும். பெருந்தீக்காயம் பட்டவருக்கு ஒட்டுத்தோல் எடுக்க மருத்துவர்கள் தலையைத் தேர்ந்தெடுப்பதும், ஆறிய பின் அதே இடத்தில் மறுபடி எடுப்பதும் இந்த நம்பிக்கையில்தான்.

கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் சமயபுரம். சித்திரைத் தேரின்போது மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்தி நடந்து வருவார்கள். அலகை உருவியதும் விபூதியை அழுத்தித் தேய்ப்பார்கள், சொட்டு இரத்தம் கூட வராதது அம்மன் அருள் என்பார்கள். உடலியல் சொல்வது வேறு மொழி. கூரிய கம்பி சதை நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிறது, உருவியதும் நாக்கின் தசை தானாக இறுகித் துளையை அடைக்கிறது. அதைவிட வியப்பானது ஆறும் வேகம். வாயினுள் பட்ட காயம் தோலில் பட்டதைவிட விரைவில் மூடுவதோடு, வடுவும் பெரும்பாலும் விடாது. வாயின் உள்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மேல்தோலைவிட வேகமாக நடக்கிறது. எச்சிலில் காயத்துக்கு உதவும் புரதங்கள் இருக்கின்றன. தோல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு காரணியை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோகன் முதலில் பிரித்தெடுத்ததே எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்துதான், 1986ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு அது. 2008ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், மனித எச்சிலில் உள்ள ஹிஸ்டாட்டின் என்ற புரதம் செல்களை நகரச் செய்து காயத்தை மூட உதவுவதைக் காட்டினார்கள். 2018ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஆளின் வாயிலும் கையிலும் சிறு காயம் செய்து ஒப்பிட்டது. காயம் பட்ட பிறகு தோல் எந்த மரபணுக்களை எழுப்ப வேண்டியிருக்கிறதோ, அவற்றில் பல வாயில் காயம் படுவதற்கு முன்பே விழித்திருந்தன. காயத்தை எதிர்பார்த்துத் தயாராக இருக்கும் திசு அது. சோறும் முள்ளும் சூடும் தினம் உரசும் இடம் அப்படி இல்லாமல் எப்படி?

சடங்கு எப்போதும் ஆறும் இடத்தையே தேடியது என்று சொல்லிவிட முடியாது. முதுகுச் சதையில் கொக்கி மாட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டுச் சுற்றும் செடிலாட்டம் தமிழகத்தின் பல மாரியம்மன் கோயில்களில் நடந்தது. மதுரைக்கு அருகே சோழவந்தானில் 1891ல் நடந்த செடில் சென்னை மாகாண அரசையே விவாதத்துக்கு இழுத்தது. முதுகு விரைவில் ஆறும் என்கிறது பழைய நூல். ஆறும்தான், ஆனால் வடு பெரிதாக நிற்கும். முதுகுத் தோல் தடித்தது, எப்போதும் இழுவையில் இருப்பது. தோளும் மார்பும் முதுகின் மேற்பகுதியும் தழும்புக் கட்டிகள் எழும் இடங்கள். காயத்தின் எல்லையையும் மீறி வளர்ந்து, அரித்து, வெட்டினால் முன்னிலும் பெரிதாகத் திரும்பி வருபவை அவை. கருந்தோல் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். கீழ்மடலும் இதற்கு விலக்கல்ல. காது குத்திய இடத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தொங்கும் இளம்பெண்களைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். விரைந்து ஆறுவது வேறு, சுத்தமாக ஆறுவது வேறு. காதில் முதலாவது கிட்டத்தட்ட உறுதி, இரண்டாவது குடும்ப வாகைப் பொறுத்தது.

மெதுவாக ஆறும் உடம்பை யார் பார்த்துக்கொண்டார்கள்? காது குத்தப் பத்தர், கட்டி கீறவும் புண் கட்டவும் நாவிதர், பேறு பார்க்க அவர் வீட்டுப் பெண் என்பது நாட்டு வழக்கம். நாவிதர் குலத்துக்கு மருத்துவர் என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது அந்தக் கை வேலையின் மிச்சம். கோயில்களும் மருத்துவமனை வைத்திருந்தன. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகிறது. வைத்தியரோடு, கத்தி வைத்துச் சல்லியக்கிரியை செய்ய ஒருவரும், நாவிதர் ஒருவரும் அங்கே நெல்லுக்கு அமர்த்தப்பட்டிருந்தார்கள். காவிரித் தீவிலேயே, ஸ்ரீரங்கம் கோயிலில், போசளர் காலத்தில் ஆரோக்கியசாலை ஒன்று நிறுவப்பட்டுக் கருடவாகன பண்டிதர் பொறுப்பில் விடப்பட்டது. படையெடுப்பில் அழிந்த அதை, அவர் வழிவந்தவர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சன்னதி இன்றும் இருக்கிறது.

இந்த வைத்தியர்களைத் திணறடித்தது கால். இதயத்திலிருந்து தூரம் அதிகம், திரும்பிப் போகும் இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும், நிற்பவருக்கு நீர் கோத்துக்கொள்ளும், முன்காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே இல்லை. சர்க்கரை நோயாளிக்கு இத்தனையோடு நரம்பும் மரத்துவிடுகிறது, செருப்பு கடித்தது தெரியாது. சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச் சாறும் துருசும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த மத்தன் தைலம் இந்த ஆறாப்புண்களுக்கே பேர்போனது, இன்றும் சித்த மருத்துவமனைகளில் காலில் கட்டுவது அதைத்தான். வெட்டுக்காயத்துக்கு வயலோரத்தில் பறித்துக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டு நமது பாரம்பரியத்தின் அடையாளமாகவே பேசப்படுகிறது. அது வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த செடி, ஐரோப்பியக் கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன் காவிரிக் கரையில் முளைத்திருக்க வழியில்லை. புதிதாக வந்த களையைச் சோதித்துப் பார்த்து மருந்தாக்கிக்கொண்ட நாட்டு வைத்தியரின் கூர்மைக்குத்தான் அது அடையாளம்.

காலைப் போல மெதுவாக ஆறும் இடம் காதிலும் உண்டு. அதன் மேல்மடலில் குத்தும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதல்ல. கொப்பும் முருகும் அணிய மேல்மடலைத் துளைத்த சமூகங்கள் உண்டு. ஆனால் அதைப் பெரும்பாலும் சற்று வளர்ந்த பெண்களுக்கே செய்தார்கள், ஆறும் வரை மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். மேல்மடலுக்கு உருவம் கொடுப்பது குருத்தெலும்பு. அதற்குள் இரத்த நாளம் கிடையாது. மேலே போர்த்திய மெல்லிய உறையிலிருந்து கசியும் சத்தை நம்பியே அது உயிரோடிருக்கிறது. உறைக்கும் அதற்கும் நடுவே இரத்தமோ சீழோ கட்டிப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு பட்டினியில் சாகும். மல்யுத்தக்காரர்களின் காது முண்டும் முடிச்சுமாக மடங்கிப் போவது இப்படித்தான். கீழ்மடல் இரண்டு மாதத்தில் ஆறுகிறது என்றால் மேல்மடல் ஆறு மாதம் எடுக்கும், ஓராண்டும் ஆகலாம்.

பத்தரின் இடத்தை நகைக்கடைகளின் காது குத்தும் துப்பாக்கி பிடித்துக்கொண்ட பிறகு இந்த வேறுபாடு அதிகம் வெளிப்பட்டிருக்கிறது. துப்பாக்கி மொட்டை முனையுள்ள கம்மலை விசையோடு அடிக்கிறது. மென்மையான கீழ்மடல் அதைத் தாங்கும். குருத்தெலும்போ நசுங்கி விரிசல் விடக்கூடும். முழுமையாகக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியாத பிளாஸ்டிக் கருவிகளும் இருக்கின்றன. அதனால் மேல்மடலுக்குத் துப்பாக்கி வேண்டாம், உள்ளே துளையுள்ள கூரிய ஊசி போதும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. மேல்மடலில் குத்திய சில நாளில் சிவந்து, வீங்கி, தொட்டாலே வலித்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிரின் வேலை. ஈரத்தில் வாழும் அது சாதாரண மாத்திரைகளுக்குக் கட்டுப்படாது, பாட்டியின் மஞ்சளுக்கும் கட்டுப்படாது. கம்மலைக் கழற்றி, சீழை வெளியேற்றி, அதற்குரிய மருந்து கொடுக்க வேண்டும். தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து மடல் சரிந்துவிடும். கரைந்தது மறுபடி வளராது. வடிவம் வேண்டுமானால் விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்துக் காது போலச் செதுக்கித் தோலுக்கடியில் வைக்க வேண்டும், அதுவும் ஒரே அறுவையில் முடிவதில்லை.